பரண்ல தூங்குற கத்திக்கு ஆயுத பூஜை எதுக்கு?

நேரா விஷயத்துக்கு வர்றேன். வருஷம் முழுக்க ஒரு குச்சியைக்கூட வெட்டாத கத்தி கத்தியே இல்லைங்க, வெறும் இரும்பு. அப்படி அறுபது எழுபது சேர்த்து வெச்சிருக்கிறவர் தன்னைக் கத்திப் பிரியர்னு சொல்லிக்கிறார். என்னைக் கேட்டா அவர் நடத்துறது பழைய இரும்புக்கடை. கடைக்காரராவது எடை போட்டு வித்து நாலு காசு பார்க்கிறார். இவருக்கு அதுவும் இல்லை.

கோபமாத்தான் எழுதுறேன். மே மாசம் பூக்காட்சி பார்க்க ஊட்டிக்கு வர்ற கூட்டத்துல, இப்போ ஒரு புது வகை ஆளுங்க சேர்ந்திருக்காங்க. தைலம், வர்க்கி, சாக்லேட் வாங்குற மாதிரி கத்தி வாங்க வர்றவங்க. எங்க ஹட்டி வரைக்கும் காரை ஓட்டிட்டு வந்து, "வீட்ல பழைய கத்தி ஏதாச்சும் இருக்குங்களா, கோத்தர் அடிச்சது இருந்தா நல்ல விலை தர்றோம்"னு வீடு வீடா கேட்கிறாங்க. பெரும்பாலும் கோவை, சென்னை, பெங்களூர்ல நல்ல வேலையில இருக்கிற பசங்க. படிச்சவங்க, மரியாதையாத்தான் பேசுறாங்க. ஆனா வாங்கிட்டுப் போற கத்தி எதுக்குன்னு கேட்டா, "கலெக்‌ஷன்ல 80-வது இது, அண்ணா"ங்கிறாங்க. கொடுவாளுக்கும் கவாத்துக் கத்திக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டேன், பதில் வரலை.

எனக்கும் கத்திக்கும் சம்பந்தம் இல்லாம இதைச் சொல்லலை. போன வருஷம் ஆயுத பூஜை அன்னிக்கு எங்க வீட்டுல மொத்தம் 86 இருந்துச்சு. பாட்டன் விட்டுட்டுப் போனது 11, அப்பா காலத்துல சேர்ந்தது 20, நான் வாங்கினது 55. வாங்கினதுல எதுக்கும் எனக்கு வருத்தம் கிடையாது. ஒவ்வொண்ணும் வாங்கின அன்னிக்கு அதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. காட்டை வெட்டி ஓரம் பண்ண ஒண்ணு, சில்வர் ஓக் கிளை கழிக்க ஒண்ணு, மழைக்காலத்துல கூலியாளுங்க கைக்குக் கொடுக்க நாலு, திருப்பாச்சேத்தி வழியா போனப்போ ஒண்ணு. ஆனா எங்கிட்ட இருக்கிறது ரெண்டு ஏக்கர் தேயிலை, அரை ஏக்கர் காய்கறி. கை ரெண்டுதான். அதனால கணக்கு பார்த்தே ஆகணும்னு முடிவு பண்ணினேன்.

கணக்கு பார்த்த விதத்தைச் சொல்றேன், உங்களுக்கும் உதவும். பூஜைக்கு எடுத்து வெச்ச 86 கத்திக்கும் பிடியில ஒரு சிவப்பு நூல் கட்டினேன். எந்தக் கத்தியை வேலைக்கு எடுக்கிறேனோ, அந்தக் கத்தியாலேயே அந்த நூலை அறுத்துடணும். அவ்வளவுதான் விதி. அடுத்த ஆயுத பூஜைக்கு பெட்டியையும் பரணையும் திறந்து பார்த்தா, நூல் இல்லாத கத்தி எட்டே எட்டு. 78 கத்தியில நூல் அப்படியே இருக்கு. அதுல பாதிக்கு மேல நூலே துருப்பிடிச்ச நிறத்துக்கு மாறிப் போயிருந்துச்சு.

இந்தத் துருவைப் பத்தி சமவெளிக்காரங்களுக்கு அவ்வளவா தெரியாது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை. கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் ஆடி மழை. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் பெஞ்சது. மழை இல்லாத நாள்லயும் சாயங்காலமானா மேகம் ஜன்னல் வழியா வீட்டுக்குள்ள வந்து உட்காரும். இங்க இரும்பு ஒரு மாசம் சும்மா கிடந்தா பழுப்பு பூத்துடும். தேங்காயெண்ணெய் தடவி வெச்சாலும் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா துடைச்சு திரும்பத் தடவணும். அழகா தோல் உறை தெச்சு அதுக்குள்ள போட்டு வைக்கிறாங்களே, அதைவிட மோசம் வேற இல்லை. தோல் ஈரத்தைக் குடிச்சு வெச்சுக்கும். பதப்படுத்தின தோல்ல இருக்கிற உப்பு இரும்பை உள்ளுக்குள்ள அரிக்கும். உறை பளபளன்னு இருக்கும், உருவிப் பார்த்தா அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா இருக்கும். 86 கத்திக்கு எண்ணெய் போட ஒரு முழு நாள் போகும். வருஷத்துக்கு ஆறு நாள், எதையும் வெட்டாத கத்திக்கு சேவகம். அந்த ஆறு நாள்ல நான் அரை ஏக்கர் கேரட்டுக்குக் களை எடுத்து முடிச்சிருப்பேன்.

வேலையில இருக்கிற கத்திக்கு இந்தத் தொல்லையே இல்லை. வெட்ட வெட்ட அது துடைபட்டுக்கிட்டே இருக்கும். வாரம் ஒருக்கா கல்லுல தீட்டுவோம். புதுசா தெரியுற இரும்புல துருவுக்கு இடமே கிடைக்காது.

"பாரம்பரியத்தைக் காப்பாத்துறோம், அண்ணா"ன்னு சொல்றாங்க. சரி, அந்தப் பாரம்பரியம் என்னன்னு பார்த்துடுவோம்.

இந்த மலையில இரும்பு வேலை கோத்தர்களோடது. கொல்லிமலை, திரிச்சிக்கடி, சோலூர் கோக்கால், குந்தா கோத்தகிரி, புது கோத்தகிரி, கீழ் கோத்தகிரி, கூடலூர் கோக்கால்னு ஏழு ஊர் அவங்களுக்கு. நீங்க பஸ்ல வந்து இறங்குற கோத்தகிரியோட பேரே அவங்களால வந்ததுன்னு சொல்லுவாங்க. கொல்லு வேலை, தச்சு வேலை, மண்பானை, வாத்தியம் எல்லாமே அவங்க கைவேலை. படகர் வீடு ஒவ்வொண்ணுக்கும் இன்ன கோத்தர் வீடுன்னு ஒரு கணக்கு உண்டு. அரிவாள், கத்தி, மண்வெட்டி எல்லாம் அங்க இருந்து வரும். அறுவடையானதும் தானியம் இங்க இருந்து போகும். கத்திக்கு இத்தனை ரூபாய்னு தனித்தனி விலை கிடையாது. அந்த உறவுல மேல் கீழ் இருந்துச்சு, அதை மூடி மறைச்சு பொற்காலம்னு பாட நான் தயாரில்லை. 1930-களுக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அது கலைஞ்சும் போச்சு. கோத்தர் பிள்ளைங்க படிச்சாங்க, அரசாங்க வேலைக்குப் போனாங்க, சொந்தமா தேயிலை போட்டாங்க. நல்லதுதான்.

ஆனா அந்த முறையில ஒண்ணை கவனிங்க. தனித்தனியா விலை கொடுத்து வாங்காத பொருளை யாரும் குவிச்சு வைக்க மாட்டாங்க. தேவைக்கு மேல ஒரு அரிவாள் கேட்டா, "இருக்கிறது என்னாச்சு?"ன்னு கேள்வி வரும். தேஞ்ச அரிவாள் உலைக்குத் திரும்பிப் போய் சின்னக் கத்தியா வரும். இரும்பு இந்த மலைக்குக் கீழ இருந்து ஏறி வரவேண்டிய பொருள், அதைப் பரண்ல தூங்க விடுறதுக்கு யாருக்கும் மனசு வராது. பாட்டன் கிட்ட 11 கத்தி இருந்துச்சுன்னா அந்த 11-க்கும் வேலை இருந்துச்சு. ராகி, சாமை, கோதுமை, உருளைக்கிழங்கு, எருமை மாடு, விறகுன்னு அவர் பண்ணின விவசாயம் அத்தனை வகை. எனக்கு ரெண்டு ஏக்கர்ல தேயிலை மட்டும்தான். அவர் 11 வெச்சிருந்ததால நான் 86 வெச்சுக்கலாம்ங்கிறது எந்த ஊர் பாரம்பரியம்?

இந்த மலை இரும்பைச் சேகரிக்கிற ஆசை இன்னிக்கு நேத்து ஆரம்பிச்சது இல்லை. 1840-கள்லயே காங்கிரீவ்னு ஒரு ராணுவ கேப்டன் இங்க உள்ள பழைய கல்வட்டங்களைத் தோண்டினார். 1868-ல நீலகிரி கோயம்புத்தூர்ல இருந்து பிரிஞ்சு தனி நிர்வாகம் ஆனப்போ, முதல் கமிஷனரா வந்தவர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ். அவரும் மலை மலையா ஏறி கல்லறைகளைத் திறந்தார். மண்பாண்டம், வெண்கலக் கிண்ணம், கூடவே ஏகப்பட்ட இரும்பு: கத்தி, அரிவாள், ஈட்டி முனை, கத்தரி. 1872-ல அவர் இறந்துட்டார், புத்தகம் 1873-ல வந்துச்சு. ஊட்டியில அவர் பேர்ல பள்ளிக்கூடம் இன்னும் இருக்கு. அந்தப் பொருளெல்லாம் எழும்பூர் மியூசியத்துக்குப் போயிடுச்சு. சென்னையில இருக்கிறவங்க போய்ப் பாருங்க, நிஜமா பார்க்க வேண்டியது.

அதைப் பார்க்கிறப்போ எனக்கு ஒரு விஷயம் உறுத்தும். செத்தவங்களோட அரிவாளைப் புதைச்சது நம்ம முன்னோர்னே வெச்சுக்குவோம். உழைச்ச கைக்குப் பக்கத்துல உழைச்ச கருவியை வெச்சாங்க, அதுல ஒரு அர்த்தம் இருக்கு. பிரீக்ஸ் எடுத்தார்னா எங்க, எந்தக் கல்வட்டத்துல, எதோட சேர்த்துக் கிடைச்சதுன்னு எழுதி வெச்சார். தோண்டினது சரியா தப்பான்னு தனியா சண்டை போடலாம். எழுதி வெச்சதாலதான் இன்னிக்கு நாம பேச முடியுது. இப்போ காரை ஓட்டிட்டு வர்ற நம்ம தம்பிங்க எழுதுறது என்ன? "நீலகிரி பழங்குடி கத்தி, அபூர்வம்." எந்த ஊர், எந்த வீடு, யார் அடிச்சது, எதுக்கு அடிச்சது, ஒண்ணும் கிடையாது. ஒரு கத்தியை வீட்டுல இருந்து பிரிச்சு அதோட கதையையும் தொலைச்சதுக்குப் பேர் காப்பாத்துறதா?

இன்னொரு கூட்டம் இருக்கு, அவங்க பழசைத் தேட மாட்டாங்க. டமாஸ்கஸ் கத்தி வாங்குவாங்க. மேல அலை அலையா கோடு ஓடும், பத்தாயிரம் இருபதாயிரம். இது நம்ம தமிழ் உருக்குங்க, வூட்ஸ் இரும்புன்னு வேற சொல்லுவாங்க. நம்ம பக்கம் நொய்யல் கரையில கொடுமணல்ல பழங்காலத்து இரும்பு உலை, உருக்கு உலை எல்லாம் தோண்டி எடுத்தது உண்மை. ஆனா இப்போ கடையில விக்கிற டமாஸ்கஸ் அது இல்லை. ரெண்டு வகை உருக்கை அடுக்கி, சேர்த்து அடிச்சு, மடிச்சு, அமிலத்துல நனைச்சு கோடு வர வைக்கிறது. நல்ல கைவேலைதான், குறை சொல்லலை. ஆனா அதை வாங்கி வெங்காயம்கூட நறுக்காம கண்ணாடிக்குள்ள வெச்சுட்டு தமிழன் பெருமை பேசுறது கொஞ்சம் ஓவர்.

சரி, பெரிய கேள்விக்கு வருவோம். "நாங்க வாங்குறதை நிறுத்திட்டா கொல்லர் என்ன பண்ணுவார்? எங்க காசுலதான் பட்டறை ஓடுது." இதை என்கிட்ட நிறைய பேர் கேட்டிருக்காங்க. நியாயமான கேள்விங்கிறதால பட்டறைக்கே போய்க் கேட்டேன்.

எங்க பக்கத்துல ஒரு அண்ணன் பட்டறை வெச்சிருக்கார். அவங்க அப்பா காரமடைப் பக்கத்துல இருந்து மேல வந்தவர். அறுபது தாண்டியாச்சு. முன்னே வாரம் ஆறு நாள் உலை எரியும், இப்போ ரெண்டு நாள். லாரி பட்டையை வெட்டி, காய்ச்சி, அடிச்சு, தோய்ச்சு ஒரு கவாத்துக் கத்தி பண்ண அரை நாள். 600 ரூபாய் வாங்குறார். அதுல பட்டை, கரி, பிடிக்கு மரம், சம்மட்டி அடிக்கிற பையனுக்குக் கூலி. மழுங்கின கத்தியைக் கொண்டு போனா, காய்ச்சி முனையை அடிச்சு மெலிசாக்கி, பதம் போட்டு, அரம் போட்டுத் தர 120 ரூபாய். கால் மணி, அரை மணி வேலை, செலவும் கம்மி.

நான் சொன்னேன்: "அண்ணா, இனி நான் புதுசு வாங்குறதா இல்லை."

"அப்படிச் சொல்லாத தம்பி. தீபாவளிக்கு முன்ன நீதான் நாலு வாங்குவ"ன்னார். முகம் வாடிப் போச்சு.

"என்கிட்ட இருக்கிற கவாத்துக் கத்தியை வேலை செய்யுற ஆளுங்களுக்குக் கொடுத்துடப் போறேன். அவங்க வருஷா வருஷம் உங்ககிட்ட வருவாங்க."

கொஞ்ச நேரம் பேசலை. துருத்திக்கு பதிலா வெச்சிருக்கிற ஃபேனை நிறுத்தினார். அப்புறம் சொன்னார்: "நீ வாங்கிட்டுப் போன கத்தியில ஒண்ணுகூட திரும்ப என் கண்ணுல பட்டதில்லைப்பா. நல்லா அடிச்சேனா, சோடையா அடிச்சேனான்னே தெரியாது."

பணக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க. சேகரிக்கிறவர் ஒருத்தர் பத்து கத்தி வாங்கினா பட்டறைக்கு 6,000 ரூபாய். அதோட முடிஞ்சது. அதே பத்து கத்தி பத்து வேலைக்காரங்க கையில இருந்தா, முதல்ல 6,000, அப்புறம் வருஷத்துக்கு ஒருக்கா பதம் போட வந்தா பத்து வருஷத்துல இன்னொரு 12,000. ஆக 18,000. வேலையில இருக்கிற கத்தி தேயும், உடையும், தொலையும், திரும்ப ஒண்ணு வாங்க வேண்டி வரும், அது தனி. கொல்லரை வாழ வைக்கிறது வாங்குறவன் கிடையாது, தேய்க்கிறவன்தான். காசைவிட பெரிசு அவர் சொன்ன அந்தக் கடைசி வார்த்தை. திரும்பி வராத கத்தியால கொல்லருக்கு வேலை பழகாது. வாங்குறவர் கேட்கிறது பளபளப்பு, வளைவு, பிடியில பித்தளைப் பூண். முனை நிக்குதான்னு யாரும் சோதிக்கிறது இல்லை. அப்படியே பத்து வருஷம் போச்சுன்னா, கத்தி மாதிரி தெரியுற பொருள் பண்ணத் தெரிஞ்ச கொல்லர் இருப்பார், கத்தி பண்ணத் தெரிஞ்சவர் இருக்க மாட்டார்.

முனை நிக்கிறது எதுக்கு முக்கியம்னு கேட்பீங்க. தேயிலைச் செடியை நாலைஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா கவாத்து பண்ணணும். ஏப்ரல்-மே, இல்லைன்னா ஆகஸ்ட்-செப்டம்பர். கிழட்டுச் செடியை மீட்கணும்னா தரையில இருந்து 30 சென்டிமீட்டருக்குக் கீழ வெட்டு. கடுங்கவாத்து 30-ல இருந்து 45 வரைக்கும். நடுக்கவாத்து 45-ல இருந்து 60. அதுக்கு மேல லேசா. வெட்டு சாய்வா, ஒரே வீச்சுல, கண்ணாடி மாதிரி விழணும். மழுங்கின கத்தின்னா தண்டு பிளந்துக்கும், பட்டை உரியும், அந்த வெடிப்புல தண்ணி நிக்கும். நீங்க மேல காப்பர் ஆக்ஸிகுளோரைடு பூசினாலும் உள்ள கட்டை அழுகும். அஞ்சாறு வருஷம் கழிச்சு ஒரு பக்கம் செத்த செடியைப் பார்த்தா, அன்னிக்கு எந்தக் கத்தி மழுங்கியிருந்துச்சுன்னு சொல்லிடலாம். பாட்டன் காலத்துச் செடி ஒண்ணு நூறு வருஷம் நிக்குதுன்னா இருபது தடவை அதை யாரோ நல்ல கத்தியால வெட்டியிருக்காங்க.

இப்போ பெரும்பாலும் கவாத்து மிஷின் வந்துடுச்சு. பெட்ரோல் போட்டு, வட்ட பிளேடு சுத்தும், ஒரு நாள்ல பத்து ஆள் வேலை. கூலி கட்டுப்படி ஆகலை, ஆளும் கிடைக்கலை, மிஷினைக் குறை சொல்ல மாட்டேன், நானே வாடகைக்கு எடுக்கிறேன். ஆனா சரிவுல, பாறை ஓரத்துல, நடுவுல செத்த கட்டையை எடுக்கிறதுக்கு, மிஷின் பிளந்து வெச்ச வெட்டைச் சுத்தம் பண்றதுக்கு இன்னமும் கைக்கத்திதான். அந்த வேலைக்கு இப்போ வர்றது ஜார்க்கண்ட், அசாம் பசங்க. நல்ல உழைப்பு. ஆனா கையில கத்தி கிடையாது. எங்க பக்கத்துத் தோட்டத்துல ஒரு பையன் சமையல் கட்டு அரிவாளை வெச்சு கவாத்து பண்ணிட்டிருந்தான். நாலு வீடு தள்ளி என் பரண்ல 19 கவாத்துக் கத்தி நூல் கட்டித் தூங்குது. இதுக்கு மேல ஒரு வாதம் வேணுங்களா?

"விலை ஏறும், முதலீடு"ன்னு சொல்றவங்களுக்கு ஒரே வரி. பச்சைத் தேயிலையை நம்பியே நாங்க பிழைக்கிறோம், எங்களுக்கு விலை ஏறும்ங்கிற கதையைச் சொல்லாதீங்க.

நகரத்துல இருக்கிறவங்க சட்டத்தையும் கொஞ்சம் தெரிஞ்சு வெச்சுக்கணும். ஆயுதச் சட்டம் 1959-ல வந்தது. அதுக்கான விதிகள் 2016-ல புதுசாச்சு. வீட்டு வேலை, விவசாயம், தொழில், அறிவியல் உபயோகத்துக்குன்னு பண்ணின கத்தியை விட்டுட்டு, 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ இருக்கிற கத்தி, வாள் எல்லாம் ஆயுதக் கணக்குல வருது. என் கொடுவாள் என் தோட்டத்துல விவசாயக் கருவி. அதையே நீங்க நாலாவது மாடி ஃபிளாட்டுல வரிசையா மாட்டி வெச்சா அது விவசாயக் கருவின்னு யார்கிட்ட போய் விளக்குவீங்க? 2021-ல தமிழ்நாடு போலீஸ் 'ஆபரேஷன் டிஸ்ஆர்ம்'னு ரவுடிகளைத் தேடினப்போ, அரிவாள் பட்டறைக்காரங்களைக் கூப்பிட்டு வாங்குறவர் பேர், விலாசம் எழுதி வைக்கச் சொன்னாங்க. உங்க ஷோகேஸுக்குக் கத்தி வித்ததுக்கு பதில் சொல்ல வேண்டியவர் அந்த வயசான மனுஷன்தான்.

எனக்கு இதுல ரொம்ப முக்கியமாப் படுறது வேற ஒண்ணு. நாம போன பிறகு இதையெல்லாம் யார் பிரிப்பாங்க? எங்க ஹட்டியிலயே நடந்துச்சு. ஒரு பெரியவர் தவறினார், வீட்டுல நாப்பது ஐம்பது கருவி. பையன் துபாய்ல, பொண்ணு கோயம்புத்தூர்ல. காரியம் முடிஞ்ச மூணாம் நாள் ஒரு வியாபாரி வந்து மொத்தமா மூட்டை கட்டிட்டுப் போயிட்டார், பழைய இரும்பு விலைக்கு. அதுல ஒட்டுக் கத்தி ஒண்ணு இருந்துச்சு. பேரிக்காய், பிளம்ஸ் மரத்துக்கு ஒட்டு கட்ட அந்த மனுஷன் வெச்சிருந்தது, அந்த மெலிசு முனை எங்க யாருக்கும் தீட்ட வராது. இந்தப் பக்கம் பாதி பேரி மரம் அந்தக் கத்தியில பொறந்ததுதான். அது என்ன கத்தின்னு பிள்ளைங்களுக்குத் தெரியலை. தெரியாதது அவங்க தப்பு இல்லை. ஐம்பதுக்குள்ள ஒண்ணா கலந்து கிடந்தா எப்படித் தெரியும்? எட்டு மட்டும் இருந்திருந்தா எட்டுக்கும் பேர் தெரிஞ்சிருக்கும். அதனால கத்தியைப் பிரிச்சுக் கொடுக்கிறதை வாங்கினவரே, கண்ணு தெரியும்போதே, கையில பிடிச்சுக் காட்டி, "இது இதுக்கு"ன்னு சொல்லிக் கொடுக்கணும். எப்போ வாங்குறதை நிறுத்தணும்னு கேட்கிறவங்களுக்கு நான் சொல்ற அளவும் இதுதான்: உங்க வீட்டுல இருக்கிற இன்னொருத்தர் உங்க கத்தி ஒவ்வொண்ணையும் எடுத்து அதோட வேலையைச் சொல்ல முடியுற வரைக்கும் வாங்குங்க. அதுக்கு மேல ஒண்ணுகூட வேண்டாம்.

என் 86 என்னாச்சுன்னு கணக்கு கொடுத்துடுறேன். நூல் அறுபட்ட எட்டும் வீட்டுல இருக்கு: கவாத்துக் கத்தி ரெண்டு, உண்ணிச்செடி வெட்டுற கொடுவாள் ஒண்ணு, விறகுக்கு ஒண்ணு, புல் அரிவாள் ரெண்டு, முட்டைக்கோஸ் அறுக்கிற சின்னக் கத்தி ஒண்ணு, ஒட்டுக் கத்தி ஒண்ணு. ஒன்பதாவதா பாட்டனோட கத்தி, அதுல நூல் அறுபடலை, ஆனா அதைக் கொடுக்க மாட்டேன், இதுக்கு யார்கிட்டயும் காரணம் சொல்ற உத்தேசமும் இல்லை. 34 கத்தி வேலை செய்யுற கைகளுக்குப் போச்சு, 17 கவாத்துக் கத்தியும் அதுல சேர்த்தி. தேஞ்சுபோன 12 அண்ணன் பட்டறைக்கு, அது திரும்ப என்னவா வருதோ அவர் இஷ்டம். பழைய கோத்தர் வேலைப்பாடு 5, எந்த ஊர்ல இருந்து வந்துச்சுன்னு அம்மாவுக்கு ஞாபகம் இருந்ததால அந்த வீட்டுப் பேரன்கிட்டயே கொண்டு போய்க் கொடுத்தேன். அவன் பேங்க்ல வேலை பார்க்கிறான். கையில வாங்கி, முனையை விரல்ல தடவிப் பார்த்துட்டு, "எங்க தாத்தா அடிச்சதா இருக்கும், மாமா"ன்னான். டீ குடிச்சுட்டு வந்துட்டேன். பித்தளைப் பூண் போட்ட அலங்காரக் கத்தி 22, கோவையில சேகரிக்கிற ஒருத்தருக்கே வித்தாச்சு. அவர் எப்படியும் வாங்கத்தான் போறார், புதுசா அடிக்க வைக்கிறதுக்கு பதிலா பழசையே வாங்கட்டும்.

மிச்சம் நாலு. ரெண்டு வெட்டுக்கத்தி, ஒரு புல் அரிவாள், பிடி தளர்ந்த சின்னக் கொடுவாள் ஒண்ணு. சொந்தமா தோட்டமோ, மாடோ வெச்சிருக்கிறவங்க வந்து எடுத்துக்கலாம், காசு வேண்டாம். கொடுவாளுக்கு மட்டும் பிடி மாத்தணும். பட்டறை புதனும் சனியும் திறந்திருக்கும், பத்து மணிக்கு மேல போங்க, அதுக்கு முன்னாடி உலை சூடாகியிருக்காது.